படகு மாற்றி ஓட்டியவள்

"எத்தனை தடவ ஓட்டின?"

யார் எந்த வேகத்தைப் பற்றிப் பெருமை பேசினாலும் அவளிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். புது பைக்கில் நாற்பது நிமிடத்தில் திருநெல்வேலி போய்விட்டதாக அளந்துவிட்ட எங்கள் அக்கவுண்டன்ட் இதில் மாட்டி முழித்தார். குக்கரில் பதினைந்தே நிமிடத்தில் பிரியாணி ஆகிவிடும் என்று சொன்ன என் அம்மாவும் தப்பவில்லை. "ஒரு தடவதான் பாத்தேன் தாயி" என்று அம்மா பின்வாங்க, "அப்ப இன்னும் ரெண்டு தடவ வைங்க, நான் வந்து பாத்துச் சொல்லுதேன்" என்றாள். சும்மா சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நாசரேத்துக்கு பஸ் ஏறி வந்து, அடுப்படியில் நின்று, கையில் கட்டியிருந்த ஆம்பளை வாட்ச்சின் பொத்தானை அமுக்கி நேரம் பார்த்து, பிரியாணியையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனாள். பத்தொன்பது நிமிடம். அம்மா இன்றைக்கும் யார் கேட்டாலும் பத்தொன்பது என்றுதான் சொல்கிறாள்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது இதைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, இதில் உள்ள ஒவ்வொரு நிமிடக் கணக்கையும் சரிபார்த்தாயா என்று போன் போடுவாள். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

அப்போது நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் புரோகிராம் எழுதுகிறவள். அவள் அதைச் சோதித்துப் பார்க்கிறவள். ஒரே வயது. நான் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண், வாய் முந்தும், கோபமும் முந்தும். அவள் தூத்துக்குடியிலேயே திரேஸ்புரத்துக்காரி, அப்பா படகு இன்ஜின் மெக்கானிக். இன்ஜின் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன் என்று ஊரில் பல மெக்கானிக்குகள் பேசிக்கொண்டு திரிகையில், கழற்றிப் பார்க்காமல் எதையும் சொல்லமாட்டேன் என்று அடம்பிடித்த மனுஷனாம் அவர். அந்த ரத்தம்தான் இவளுக்கும்.

எங்கள் கம்பெனிக்கு இருந்தது ஒரே பெரிய வாடிக்கையாளர். துறைமுகச் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டு. லாரி உள்ளே வருவது, எடை பார்ப்பது, கன்டெய்னர் நம்பரைப் பதிவது, சீட்டுக் கொடுத்து வெளியே விடுவது எல்லாம் நாங்கள் எழுதிய புரோகிராமில்தான் ஓடியது. அதில் ஏதாவது கோளாறு வந்தால் கேட் நின்றுவிடும். கேட் நின்றால் லாரிகள் ரோட்டில் வரிசை கட்டும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை வெளேரென்று உப்பு, மேலே வெயில், டிரைவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு லாரி நிழலில் குந்தியிருப்பார்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரும்பாலும் ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் சனியன் பிடிக்கும். திருத்திய புரோகிராமை கேட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் முழுவதையும் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது நாங்கள் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஆபீஸில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதற்கு இருபத்து நான்கு நிமிடம் ஆகும். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் இருபத்து நான்கு நிமிடம். அத்தனை நேரமும் அங்கே லாரிகள் வெயிலில் நிற்கும், இங்கே எனக்கு போன் வந்துகொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டரை இயக்க விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்று இன்னொரு சிஸ்டம் உண்டு, நான் அப்போது அந்த லினக்ஸ் பைத்தியம். விண்டோஸைக் கண்டாலே எனக்கு ஆகாது. லினக்ஸில் கம்பைல் செய்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று முதலாளியிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓதினேன். அவர் பழைய கப்பல் ஏஜென்ட். கடைசியில், "ஏளா, நீ சொல்லுதது சரி. ஆனா லினக்ஸ்ல கம்பைல் பண்ணினா கேட்ல இருக்கிற மெஷின் எல்லாத்தையும் லினக்ஸுக்கு மாத்தணும்லா? அதுக்கு யார்டை ஒரு நாள் மூடணும். சும்மா வாயால சொன்னா அவங்க மூடுவாங்களா? அளந்து காட்டு" என்றார்.

அளப்பதென்றால் எங்கள் ஆபீஸில் ஒரே ஆள்தான்.

அவளுக்கு அன்றைக்கு வந்த உற்சாகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கல்யாண வீட்டில் இலை போடுகிறவள் மாதிரி பரபரவென்று வேலையைத் தொடங்கினாள். போட்டி விதிகளை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு சிஸ்டமும் நாலு தடவை ஓட வேண்டும். முதல் ஓட்டம் சேர்த்தி இல்லை. ஓடும்போது பாட்டு, படம், பிரவுசர் எதுவும் திறந்திருக்கக் கூடாது. நேரம் அவள்தான் பார்ப்பாள்.

"மொத ஓட்டத்த ஏன் விடணும்?" என்று கேட்டேன்.

"மொத தடவ டிஸ்க்ல இருந்து ஒவ்வொரு ஃபைலா தேடி எடுக்கும். ரெண்டாவது தடவ அதெல்லாம் மெமரில இருக்கும். தூங்கி எந்திரிச்ச ஒடனே ஒருத்தன ஓடச் சொல்லிட்டு, இன்னொருத்தன டீ குடிச்சிட்டு ஓடச் சொன்னா நாயமா?"

ஆபீஸே இரண்டாகப் பிரிந்துவிட்டது. லினக்ஸ் கட்சிக்கு நான் தலைவி. விண்டோஸ் கட்சிக்கு அக்கவுண்டன்ட். தோற்ற கட்சி எல்லோருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். அவள் எந்தக் கட்சியிலும் இல்லை, ஆனால் எல்லோரையும்விட அவளுக்குத்தான் கொண்டாட்டம்.

முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்தவர், தன் ஆப்பிள் லேப்டாப்பையும் களத்தில் இறக்கினார். ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டது. மனிதர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவள் வாட்ச்சைப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள், அப்படியே அடித்துவிட்டாள்.

"ஏன் அடிக்கிறீங்க?"

"மெஷினே வேற சார். ஒங்க மெஷின் புதுசு, வெல கூடுனது. வேற வேற மெஷின்ல ஓட்டிட்டு சிஸ்டம் ஜெயிச்சதுன்னு எப்படிச் சொல்ல?"

அடுத்து, விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்டும் ஒரு ஏற்பாடு உண்டு, அதையும் ஓட்டினோம். நாற்பத்தோரு நிமிடம்! அக்கவுண்டன்ட் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் மட்டும் சிரிக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் நோண்டினாள். ஃபைல்கள் எல்லாம் விண்டோஸ் பக்கம் கிடக்க, லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் அங்கே போய் வாங்கி வந்துகொண்டிருந்தது. அவற்றை லினக்ஸ் பக்கத்துக்கு மாற்றி வைத்து ஓட்டியதும் இருபத்தேழுக்கு இறங்கியது. அப்போதும் தோல்விதான். ஆனால் தோற்றவன் முழு பலத்தோடு தோற்றால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

கடைசியாக உண்மையான போட்டி. ஆபீஸில் எப்போதும் கம்பைல் செய்யும் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரு பக்கம். அதோடு ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி, முதலாளியின் ஏசி அறையில் பெட்டிகூடப் பிரிக்காமல் வைத்திருந்த அதன் ஜோடியில் லினக்ஸைப் போட்டு மறுபக்கம் வைத்தோம். அவள் இரண்டின் ஸ்டிக்கரையும் படித்தாள். பிராசஸர் ஒன்று, மெமரி ஒன்று, டிஸ்க் ஒன்று. திருப்திதான். ஆனாலும் தலையைச் சொறிந்தாள்.

"ஏளா, படகு மாத்தி ஒரு ஓட்டம் பாத்திரலாமா?"

"என்ன படகு?"

அவள் அம்மாவுக்கு ஊர் கடலோரத்துப் புன்னைக்காயல். அங்கே அவளுடைய மாமாக்கள் இருவருக்கும் யார் படகில் பாய் பிடித்து ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்று தீராத சண்டையாம். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் இருவரும் அவரவர் ஆட்களோடு படகை இறக்குவார்கள். ஒரு ஓட்டம் முடிந்ததும் கரைக்கு வந்து இவர் படகில் அவரும் அவர் படகில் இவரும் ஏறி மறுபடி ஓட்ட வேண்டும்.

"ரெண்டுலயும் முந்துனாத்தான் ஆளு ஜெயிச்சது. இல்லேன்னா படகு ஜெயிச்சது. அதே மாதிரி, சிஸ்டம் இருக்குத டிஸ்க்க ரெண்டு மெஷின்லயும் கழத்தி மாத்திப் போட்டு ஓட்டணும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் காலை முதலாளிக்கு முடிவைச் சொல்ல வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி மாட்டி, இன்னும் எட்டு ஓட்டம் ஓட்டி, எப்போது முடிப்பது? "ஒரு தாய் வயித்துப் பிள்ளைக மாதிரி இருக்கு ரெண்டும். இதுல என்னத்த மாத்துத? நேரம் இல்ல, ஓட்டுளா" என்று கத்தினேன். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு வாட்ச்சில் கை வைத்தாள். நான் அறிந்தவரை அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

விண்டோஸ், இருபத்து நான்கு நிமிடம். லினக்ஸ், பதினோரு நிமிடம் நாற்பது நொடி. மூன்று ஓட்டத்திலும் கிட்டத்தட்ட அதேதான்!

நான் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துப் பேக்கரிக்காரர் படியேறி வந்துவிட்டார். வந்தது வசதியாகப் போயிற்று, அக்கவுண்டன்ட் அவரிடமே மக்ரூனுக்குச் சொன்னார். முதலாளி அன்றே யார்டுக்குப் போன் செய்தார். அங்கே கேட்டுக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் அண்ணாச்சி விளாத்திகுளத்துக்காரர், லேசில் எதற்கும் மசியாதவர். பாதிக்குப் பாதி நேரம் மிச்சம் என்றதும் அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை கேட்டை முழு நாளும் மூடுவதென்றும், லாரிகளை அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்றும் முடிவானது. நான் தரையில் நடக்கவில்லை.

முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குப் போனால், எனக்கு முன்னால் வந்து இரண்டு கம்ப்யூட்டரையும் திறந்து போட்டுவிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பண்ணுத?"

"ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. டிஸ்க்க மாத்திட்டேன். விண்டோஸ் இப்ப பெட்டி பிரிச்ச புது மெஷின்ல ஓடுது, பாரு."

பார்த்தேன். பதினான்கு நிமிடத்தில் விண்டோஸ் முடித்துவிட்டது.  அடுத்து பழைய மெஷினில் என் லினக்ஸ். பதினைந்து நிமிடம் ஆயிற்று, பதினெட்டு ஆயிற்று, திரையில் வரிகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. இருபத்திரண்டாவது நிமிடத்தில் முடிந்தது.

"ஆளு ஜெயிக்கல. படகு ஜெயிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் பழைய மெஷினின் விசிறியைக் கழற்றினாள். அதற்கு அடியில் சூட்டை இறக்குவதற்காக அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகள் இருந்த இடத்தில் தகடே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு பாளம் அப்பியிருந்தது. அவள் விரலால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு."

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் இரண்டு வருடமும் யார்டின் கேட் கேபினில்தான் இருந்தது. ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும், ஆனி ஆடியில் உப்பளத்துக் காற்று நேராக உள்ளே வந்து அடிக்கும். அதை ஆட்டோவில் ஏற்றி ஆபீஸுக்குக் கொண்டுவந்ததே நான்தான். ஈரத்துணியால் வெளியே துடைத்ததும் புதுசாட்டம் ஆகிவிட்டது. உள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்? சூடு தாங்காமல் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இத்தனை நாளும் மூச்சு வாங்கியிருக்கிறது. பழியை நான் விண்டோஸ் தலையில் போட்டிருக்கிறேன்.

நான் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏளா, இத இப்பச் சொல்லாத. எப்படிப் பாத்தாலும் லினக்ஸ் கொஞ்சம் வேகம்தானே. நாளைக்கு மாத்துத வேலை நடக்கட்டும். மெஷின அப்புறமா சுத்தம் பண்ணிக்கிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"கொஞ்சத்துக்கும் பாதிக்கும் உள்ள வித்தியாசத்த லாரிக்காரங்ககிட்ட நீ போய்ச் சொல்லுவியா? ஒரு நாள் வேலைய விட்டுட்டு நிப்பாங்கல்லா?"

"ஏம் பேரு கெட்டுரும்."

"ஓட்டுனது நான். ஏம் பேருதான கெடும்?" என்று சொல்லிவிட்டு அவள் தகட்டைப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு பேசாமல் என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் டிஸ்க்கைத் திரும்பவும் மாட்டும்போது ஏதாவது ஒன்று உடைந்து தொலையட்டும் என்றுகூட நினைத்தேன். ஒன்றும் உடையவில்லை. சுத்தம் செய்த பழைய மெஷினில் விண்டோஸ் பதினான்கு நிமிடத்தில் முடித்தது. பிறகு அவள் இன்னொன்றையும் கவனித்தாள். கம்பைல் ஆகும்போது உண்டாகும் ஒவ்வொரு ஃபைலையும் ஆன்டிவைரஸ் நிறுத்தி நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் பத்து நொடி.

பேசமாட்டேன் என்று இருந்த நான், என்னையறியாமல் எழுந்து ஓடினேன். "இன்னொரு தடவ ஓட்டு!" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஓட்டினோம். பன்னிரண்டு பத்து. இன்னொரு தடவை. பன்னிரண்டு பத்து! ஒரு பிரஷ், தூசியை ஊதும் ஒரு மெஷின், ஆன்டிவைரஸில் ஒரு டிக் மார்க், இவ்வளவுதான் செலவு. இருபத்து நான்கு நிமிடம் பாதியாகிவிட்டது. யார்டை மூட வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்பவும் லினக்ஸ்தான் அரை நிமிஷம் முந்தி."

"ஆமாளா, ஒங்க ஆளுதான் ஜெயிச்சான். அரை நிமிஷத்துக்கா கேட்ட மூடச் சொல்லுத?"

மத்தியானம் முதலாளி அறையில் சூப்பர்வைசர் அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்திருந்தார், மறுநாள் ஏற்பாடுகளைப் பேச வந்தவர். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், போன வாரம் நான் குடுத்த கணக்கு தப்பு. லினக்ஸ் பாதி நேரம்லாம் கெடையாது. பழைய மெஷின் உள்ள உப்படைச்சுக் கெடந்துச்சு. நான் தொறந்து பாக்கல. பாத்திருக்கணும். இப்ப சரியா அளந்திருக்கேன். நாளைக்கு கேட்ட மூட வேண்டாம்."

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "ஊரெல்லாம் சொல்லியாச்சு. லாரிக்காரங்கள வராதீங்கன்னு சொல்லியாச்சு. இப்ப வந்து தப்புன்னு சொல்லுத? ரெண்டு வாரமா என்னத்ததான் அளந்த?"

அவள் தலையைக் குனியவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. "தப்பாத்தான் அளந்தேன் சார்" என்று மட்டும் திரும்பச் சொன்னாள். என் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மெஷினை கேட் கேபினிலிருந்து தூக்கி வந்தது யார், டிஸ்க்கை மாற்றிப் பார்க்க விடாமல் கத்தியது யார், எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. 

"அவ அன்னைக்கே மாத்திப் பாக்கணும்னு சொன்னா சார்! நான்தான் நேரமில்லன்னு விரட்டுனேன். மெஷின் கேட்ல கெடந்தது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது" என்று நான் ஒரே மூச்சில் கொட்டினேன். முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பர்வைசர் அண்ணாச்சி அவள் நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடித்திருந்த கணக்குகளையும் சேர்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்து, நாளைக்கு வண்டி வரலாம் என்று யாருக்கோ சொன்னார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

ஒரு மாதம் இருக்கும். மொட்டை வெயிலில் கேட் நின்றுவிட்டது. எடை எடுக்கும் இடத்தில் கோளாறு. முப்பது லாரிக்கு மேல் ரோட்டில் நிற்பதாக போன். நான் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தி, கம்பைல் கொடுத்துவிட்டு சூப்பர்வைசர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, பன்னெண்டு நிமிஷம் பத்து செகண்டு ஆகும்."

கேட் நிற்கும்போது நாங்கள் போனில் சொல்லும் நிமிடக் கணக்கை அவர் அதுவரை நம்பியதில்லை. வழக்கமாக 'சரி சரி' என்று சலித்துக்கொண்டு வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை.

"ஏம்மா, இது நீ சொல்லுத கணக்கா? இல்ல, தப்புன்னு வந்து நின்னுச்சே ஒரு பிள்ள, அது அளந்ததா?"

"அவ அளந்தது அண்ணாச்சி."

போனை அவர் காதிலிருந்து எடுத்தது தெரிந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே ரோட்டைப் பார்த்து அவர் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏலே, எல்லாவனும் வண்டியில ஏறுங்கலே! கேட்டு தொறக்கப் போவுது!"